ப்ளஸ் டூ, நீட், குரூப் 4: மூன்றுக்கும் ஒரே மாதிரிப் படிக்கலாமா?

நீங்கள் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்கிறீர்கள். தம்பி ப்ளஸ் டூ, கூடவே நீட்டும் எழுதப்போகிறான். ஒரே கால அட்டவணை போட்டு இருவரும் ஒன்றாகப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேசை வேண்டுமானால் ஒன்றாக இருக்கட்டும், படிக்கும் முறை வேண்டாம். 2019-இல் குரூப் 4 தேர்வைக் கோட்டைவிட்ட பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

ப்ளஸ் டூவில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவள். 1200-க்கு எழுதிய காலம் அது. ப்ளூ பிரிண்ட் என்று ஒன்று இருந்ததால் எந்தப் பாடத்திலிருந்து பெரிய வினா வரும் என்பது முன்பே தெரியும். தேவையான பாடங்களை நெட்டுருப் போட்டு, எழுதிப் பார்த்து, அப்படியே விடைத்தாளில் இறக்கிவிடுவேன். அந்தப் பழக்கத்தோடு குரூப் 4-க்கும் உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் புத்தகங்களைச் சேர்த்து, அடிக்கோடிட்டு, குறிப்பெடுத்து, நோட்டு நோட்டாக நிரப்பினேன். அந்த நோட்டுகளைப் பார்த்தால் யாருக்கும் வேலை கொடுக்கத் தோன்றும்.

தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு மாதிரித் தாளில் களவழி நாற்பதை எழுதியவர் யார் என்று இருந்தது. கபிலர், பூதஞ்சேந்தனார், மதுரைக் கண்ணங்கூத்தனார், பொய்கையார் என நான்கு விடைகள். நான்கு பேருமே ஆளுக்கொரு 'நாற்பது' எழுதியவர்கள். இன்னா நாற்பது கபிலர், இனியவை நாற்பது பூதஞ்சேந்தனார், கார் நாற்பது கண்ணங்கூத்தனார், களவழி பொய்கையார். நோட்டில் இதை அழகாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். படிக்கும்போதெல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது. நான்கு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதும் யார் எதை எழுதினார் என்று குழம்பிவிட்டது. தேர்வு மண்டபத்திலும் பல கேள்விகளில் இதேதான் நடந்தது.

பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, ஒன்றையும் பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது வேறு. அதனால் அடுத்த முறை குறிப்பெடுப்பதை நிறுத்தினேன். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கிறுக்குவேன். திறந்து பார்த்து, விட்டதை மட்டும் சிவப்பில் எழுதுவேன். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் அந்தச் சிவப்பை மட்டும் கேட்டுக்கொள்வேன். குழப்பும் பெயர்களைத் தனித்தனியாகப் படிக்காமல் ஒரே கூட்டமாக வைத்துக்கொண்டு பிரித்துப் பழகினேன். 2022-இல் எழுதிய தேர்வின் பட்டியலில் என் எண் இருந்தது.

குரூப் 4-இல் 200 கேள்விகளுக்கு 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி, 150 மதிப்பெண் தமிழ். அந்த 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆனாலும் தமிழ்தானே என்று பலர் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கணக்குப் பகுதியில் 25 கேள்விகள். அதைப் படித்துப் பயனில்லை, தினமும் பத்துக் கணக்குப் போட வேண்டும். இரண்டு ஆண்டுத் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் கேட்டால், 10,000 ரூபாய்க்கு 10 சதவீதம் என்றால் 100 ரூபாய் என்று கை தானாகச் சொல்ல வேண்டும். தவறான விடைக்குக் கழிவு கிடையாது, எனவே எதையும் வெறுமனே விடாதீர்கள். விடை சுத்தமாகத் தெரியவில்லை என்றால்கூட அதற்கென்று விடைத்தாளில் ஐந்தாவது வட்டம் இருக்கிறது. காலியாக விட்டால்தான் மதிப்பெண் குறையும்.

இனி தம்பி. என் அக்கா மகள் 2025-இல் நீட் எழுதினாள், கூடவே இருந்து பார்த்தவள் நான். 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. நான்கு விடைகளில் இரண்டையாவது தவறு என்று அடித்துவிட முடிந்தால் குறி, ஒன்றையும் அடிக்க முடியாவிட்டால் தாண்டிப் போ என்று வைத்துக்கொண்டோம். உயிரியலின் 90 கேள்விகளை 45 நிமிடத்தில் முடிக்கப் பழக்கினோம். அந்த ஆண்டு இயற்பியல் தாள் பலரைத் திணறடித்தது. மிச்சம் பிடித்த நேரம் அங்கேதான் கைகொடுத்தது.

அவளும் முதலில் நம் வீட்டு வழக்கப்படி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துதான் மாதிரித் தேர்வு எழுதினாள். மதிப்பெண் நன்றாக வந்தது. ஆனால் நீட் தொடங்குவது மதியம் இரண்டு மணிக்கு! ஒருநாள் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு எழுதச் சொன்னேன். மூன்று மணிக்குக் கண் சொக்கிவிட்டது, கணிசமாக மதிப்பெண் குறைந்தது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இரண்டிலிருந்து ஐந்து வரைதான் தேர்வு, மின்விசிறி மெதுவாகச் சுற்றும் முன்னறையில். தவறுகளை ஒரு நோட்டில் பிரித்து எழுதினாள்: தெரியாதது, தெரிந்தும் குழம்பியது, கேள்வியையே தப்பாகப் படித்தது. "சித்தி, 'தவறான கூற்று எது' என்று கேட்டிருக்கிறான், நான் சரியானதைக் குறித்திருக்கிறேன்" என்று அவளே தலையில் அடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. மூன்றாவது வகைதான் அதிகம், அதற்குப் புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை.

பொதுத்தேர்வுக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். அங்கே விடை தெரிந்தால் போதாது, கையால் எழுதி முடிக்க வேண்டும். இயற்பியலோ வேதியியலோ எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், ஐந்து மதிப்பெண் வினாக்கள் மட்டும் ஐந்து. விடைக்குறிப்பில் சமன்பாடு, படம், படிநிலை என்று பிரித்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். நீட் பழக்கத்தில் விடையை மட்டும் மனதில் போடும் பிள்ளைகள் இங்கே இழக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முழுத் தாளாவது கடிகாரம் வைத்து எழுதட்டும். தொடக்கத்தில் வினாத்தாள் வாசிக்கத் தரும் பத்து நிமிடத்தில் எந்த வினாவை விடுவது என்று முடிவெடுக்கப் பழகட்டும்.

செய்முறைத் தேர்வைப் பலரும் கண்டுகொள்வதில்லை. வேதியியலில் பெர்மாங்கனேட் அடர்நிறக் கரைசல் என்பதால், அதைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் என்ற அளவுக் குழாயில் கரைசலின் மேல்விளிம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும், வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்ததும் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினால் நிறம் அடர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது, ஆய்வகத்தில் நின்றுதான் ஆக வேண்டும்.

மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்து மே தொடக்கத்தில் நீட் வரும். இடையில் இருக்கும் சில வாரங்களில் தம்பி புதுப் பாடம் எதையும் தொடாமல் முழுத் தாள்களாக எழுதித் தள்ளட்டும். ஞாயிறு மதியம் அவன் எழுதும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குரூப் 4 தாளை எழுதுங்கள். இரண்டுக்கும் மூன்று மணி நேரம்தான். அன்றைக்கு வீட்டில் பிரியாணி மட்டும் வேண்டாம்.