பாபின் லேஸ் பின்னக் கற்றுக்கொள்ள ஆசை. வீட்டில் "அதனால் காசு வருமா?" என்கிறார்கள். கற்கலாமா?

காசு வராதுங்க. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடமாக என்னிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான் என்பதால் மீதியைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதவேண்டியிருக்கிறது. தெரியாதவர்களுக்கு: பாபின் என்கிற சின்னக் குச்சிகளில் நூலைச் சுற்றி, தலையணையில் ஊசி குத்தி, குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கையால் பின்னுகிற லேஸ்தான் பாபின் லேஸ்.

நீங்களும் நம் கொங்குப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். நூலைக் கண்டால் என்ன கவுண்ட் (நூலின் தடிமன் கணக்கு), கிலோ என்ன விலை என்றுதான் நமக்கு வாய் போகும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு மணி நேரத்துக்கு ஓர் அங்குலம் பின்னுகிறேன் என்றால் கேட்கத்தான் செய்வார்கள்.

எனக்குச் சொந்த ஊர் சென்னிமலை. கோவையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவன். ஆமாம், ஆம்பளைதான். ஆம்பளைக்கு எதற்கு லேஸ் என்று கீழே எழுத வருகிறவர்கள், குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தது யார் என்று அவரவர் அப்பாருவைக் கேட்டுவிட்டு வரவும்.

கற்றுக்கொடுத்தவர் குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு அக்கா. குமரி மாவட்டம், முளகுமூடு பக்கம். பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரிகள் 1897இல் வந்து இறங்கிய ஊர் அது. பெல்ஜியத்தில் இந்த லேஸுக்குப் பெரிய பெயர். அதற்கும் முன்னாலேயே, 1820களில், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா தன் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு லேஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்று திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது. பின்னிய லேஸை விற்ற காசில் சில பெண்கள் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆக, காசு வரவே வராது என்று நான் சொன்னது முழுக்கச் சரியில்லை. ஒரு காலத்தில் வந்திருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். முதலில் தலையணை. இலவம்பஞ்சுத் தலையணையில் ஊசி குத்தினேன், ஒன்றும் நிற்கவில்லை, எல்லாம் சாய்ந்துவிட்டது. பிறகு மர அறுவை மில்லில் ஒரு மூட்டை மரத்தூள் வாங்கிவந்து, தடித்த துணிப்பையில் கல் மாதிரி அடைத்த பின்தான் ஊசி நின்றது. அடுத்தது நூல். சுற்றிலும் ஸ்பின்னிங் மில், எனக்கு ஒரு கண்டு நூல் அகப்படவில்லை! திருப்பூர் பனியன் நூல் ஒற்றைப் புரி, முறுக்கும் குறைவு. குச்சியின் எடையே தாங்காமல் பட் பட்டென்று அறுந்தது. கடைசியில் ஒரு கைத்தறிக்காரரிடம் இரட்டைப் புரிப் பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடுவது) வாங்கினேன். அப்புறம் குண்டூசி. சாதாரண ஊசி ஐப்பசி மழை ஈரத்தில் துருப்பிடித்து, ஆறு வாரம் பின்னிய பட்டையில் வரிசையாகப் பழுப்புப் புள்ளி. பித்தளை ஊசி அல்லது துருப்பிடிக்காத ஸ்டீல் ஊசி வாங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வேலை என்னவோ இரண்டே அசைவுதான். கையில் நான்கு குச்சி, அதாவது இரண்டு ஜோடி. நடுவில் உள்ள இரண்டில் இடதை வலதின் மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போனால் துணி மாதிரி நெருக்கமாக வரும். கடைசிக் குறுக்கை விட்டுவிட்டால் வலை மாதிரி வரும். ஊசி குத்த ஓட்டை போட்ட அட்டை ஒன்று கீழே இருக்கும், அதுதான் டிசைன். இதை அக்கா எனக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது. அம்மா ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தார். போர்வைத் தறிக்கு நாற்பது வருடம் தார் (தறியில் குறுக்கே நூலை ஓட்டும் நாடாவுக்குள் வைக்கிற நூல் குச்சி) சுற்றியவர். "ஏஞ்சாமி, தொங்கறது பாவு, குறுக்க ஓடறது ஊடை. நாடா இல்லாம கையில ஓட்டற, அவ்ளோதான?" என்றார்.

அவ்வளவேதான். எனக்கு அன்றைக்குத்தான் கை ஓடியது.

மச்சினனுக்குத் திருப்பூரில் மிஷின் லேஸ் வியாபாரம். என் தலையணையைப் பார்த்ததும் "மாமா, இது மீட்டர் எத்தனைக்குப் போகும்?" என்றான். இந்தக் கணக்கு நம் ஊரில் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் குச்சியில் பின்னுகிற வலையை மிஷினில் செய்ய 1809இல் காப்புரிமை வாங்கினார். 1816இல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் ஆட்கள் புகுந்து 55 மிஷின்களை அடித்து நொறுக்கினார்கள். அவர் டிவர்ட்டன் என்ற ஊருக்குப் போய் மறுபடி ஆலை போட்டுவிட்டார். பவர்லூம் பார்த்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அதே மச்சினன் மகள் கல்யாணத்துக்கு நான்கு மாதம் உட்கார்ந்து ஒரு கைக்குட்டைக்கு ஓரம் பின்னிக் கொண்டுபோனேன். மேடையேற முக்கால் மணி நேரம் வரிசை. பெண்ணின் கையில் கொடுக்கப் போனால், போட்டோக்காரர் பிடுங்கிப் பின்னால் இருந்த பரிசு மூட்டையில் போட்டுவிட்டு "நேராப் பாருங்க" என்கிறார். இந்தப் போட்டோக்காரர்கள் தொல்லை பெரிய தொல்லை. முகூர்த்த நேரத்தில் சொந்தக்காரனுக்குத் தெரிவது அவர்கள் முதுகுதான். பந்தியில் வாய்க்குள் சோறு போவதைக்கூடப் படம் பிடிக்கிறார்கள். யாராவது தனியாகக் கேள்வி போட்டால் விரிவாக எழுதத் தயார். மொய் நோட்டில் என் பெயருக்கு நேரே "கர்ச்சீப் 1" என்று எழுதியிருந்ததாகக் கேள்வி.

சரி. கற்கலாமா என்றால், கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் அரிசி இல்லாமல் இதில் உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரிக்கவேண்டாம். ஆறு ஜோடியில் ஆரம்பியுங்கள். குச்சிக்கு அலைய வேண்டாம், துணி காயப்போடும் மரக் கிளிப் போதும். பார்சலில் வரும் அழகான குச்சி செட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குச்சியில் நூலைச் சுற்றி முடித்ததும் தலையில் ஒரு சுருக்கு போடவேண்டும், இல்லாவிட்டால் தொங்கும்போதே அவிழ்ந்து ஓடிவிடும். தார் சுற்றிய பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நான் சுற்றியது இன்றைக்கும் அவிழ்கிறது. அம்மா சுற்றியது ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை.