டிரிப் ஆகும் பிரேக்கரைப் பெரிதாக மாற்றலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 3,000 வாட் வாட்டர் ஹீட்டரும் 2,000 வாட் ஓவனும் ஒரே சர்க்யூட்டில் உள்ளன. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அரை மணி நேரத்துக்குள் 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர்) டிரிப் ஆகிவிடுகிறது. 32 ஆம்பியர் பிரேக்கர் போட்டுவிட்டால் தொல்லை தீரும் என்கிறார் வயரிங் செய்பவர். சுவருக்குள் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் ஓடுகிறது. மாற்றலாமா?

பதில்: மாற்றவே கூடாது. பிரேக்கர் இருப்பது உங்கள் ஹீட்டரைக் காப்பாற்றுவதற்கு அல்ல, சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் வயரைக் காப்பாற்றுவதற்கு. அதனால்தான் மின் நிறுவலுக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60364 விதிகள், லோடு இழுக்கும் மின்னோட்டத்தைவிடப் பிரேக்கரின் அளவு குறையக் கூடாது, வயர் தாங்கும் மின்னோட்டத்தை அது மிஞ்சவும் கூடாது என்று இரண்டு பக்கமும் எல்லை கட்டுகின்றன. உங்கள் வீட்டில் மீறப்பட்டிருப்பது முதல் எல்லை. வயரிங் செய்பவர் சொல்வதைக் கேட்டால் இரண்டாவதும் மீறப்படும், ஆபத்து அதில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட்டில் இரண்டு கருவிகளும் சேர்ந்து ஏறக்குறைய 21.7 ஆம்பியர் இழுக்கின்றன. குழாய்க்குள் செல்லும் பி.வி.சி. உறையிட்ட 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், சுற்றுப்புறம் 30 டிகிரியாக இருக்கும்போது 24 ஆம்பியர் தாங்கும் என்கிறது அந்த விதிகளின் அட்டவணை. பலர் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். சுற்றுப்புறம் 40 டிகிரி என்றால் அதை 0.87 ஆல் பெருக்க வேண்டும். அதே குழாயில் இன்னொரு சர்க்யூட்டும் சென்றால் 0.80 ஆலும் பெருக்க வேண்டும். மிஞ்சுவது 16.7 ஆம்பியர்தான். இப்போதுள்ள 16 ஆம்பியர் பிரேக்கர் அந்த வயருக்குச் சரியான பிரேக்கர், அது தன் வேலையைச் செய்கிறது.

வீட்டு எம்.சி.பி.க்கான ஐ.இ.சி. 60898 தரத்தின்படி, தன் அளவைப் போல 1.13 மடங்கு மின்னோட்டம் சென்றாலும் பிரேக்கர் ஒரு மணி நேரத்துக்கு டிரிப் ஆகக் கூடாது, 1.45 மடங்கு சென்றால் ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆக வேண்டும். 32 ஆம்பியர் பிரேக்கருக்கு முதல் எண் 36 ஆம்பியர். அதாவது, 16.7 ஆம்பியர் தாங்கும் வயரில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கர் பேசாமல் இருக்கும். உறை இளகி வயர் தீப்பிடித்தாலும் அது டிரிப் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வழி ஒன்றுதான்: ஹீட்டருக்கு மெயின் போர்டிலிருந்து தனி சர்க்யூட் இழுத்து, தனி பிரேக்கர் கொடுக்கச் சொல்லுங்கள். அதைப் பழைய குழாயிலேயே நுழைக்க வேண்டாம். ஒரே குழாயில் மூன்று சர்க்யூட் என்றால் பெருக்கும் எண் 0.70 ஆகக் குறையும். அப்போது 16 ஆம்பியர் பிரேக்கரே வயருக்கு அதிகமாகிவிடும். தனிக் குழாய் என்றால் சுவரை உடைக்க வேண்டியிருக்கலாம், செலவும் கூடும் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

கேள்வி: ஒரு பிரேக்கரின் டெர்மினலில் இரண்டு வயர்களைச் சேர்த்து முடுக்கியிருக்கிறார்கள். இது விதிக்கு உட்பட்டதா?

பதில்: தயாரிப்பாளரின் குறிப்பு அனுமதித்தால் மட்டுமே, அதுவும் அதில் சொல்லப்பட்ட வகை, அளவு வயர்களுக்கு மட்டுமே. தடித்த வயரையும் மெல்லியதையும் ஒன்றாக வைத்தால் திருகு தடித்ததைத்தான் பிடிக்கும். மெல்லியது தளர்ந்து, அந்த இடம் சூடேறும். மின்னோட்டம் அளவுக்குள் இருப்பதால் இந்தச் சூட்டைப் பிரேக்கரால் கண்டுகொள்ள முடியாது என்பதுதான் கவலைக்குரியது. திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதையும் தயாரிப்பாளர் நியூட்டன் மீட்டரில் குறிப்பிட்டிருப்பார். கைப்பழக்கத்தை நம்பாமல், குறித்த விசை அளவுக்கு முறுக்கும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவரால் முடுக்கச் சொல்லுங்கள். பல இழை வயரின் நுனியில் ஈயம் பூசுவதையும் தவிர்க்க வேண்டும், அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கிப் பிடி தளர்ந்துவிடும். நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக லக்கே சரியானது.

கேள்வி: புதிதாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) பொருத்தினோம். ஓர் அறையில் 10 வாட் விளக்கைப் போட்டாலே டிரிப் ஆகிறது. கருவி பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது நியூட்ரலில் இருக்கும். ஃபேஸ் வழியே போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்புவதும் சமமா என்பதை மட்டுமே ஆர்.சி.சி.பி. பார்க்கிறது. அந்த அறையின் ஃபேஸ் இந்தக் கருவி வழியாகச் சென்று, நியூட்ரல் மட்டும் வேறொரு பகுதியின் நியூட்ரல் பட்டையில் இணைந்திருந்தால், திரும்பும் மின்னோட்டம் முழுவதும் கசிவாகவே கணக்காகும். 10 வாட் விளக்கு இழுப்பது சுமார் 43 மில்லி ஆம்பியர். டிரிப் ஆக அதுவே போதும். கருவியைக் கழற்றிவிடும் யோசனைக்கு இணங்காதீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதிசெய்த பிறகு, அந்த அறையின் நியூட்ரலைத் தேடி எடுத்து, ஆர்.சி.சி.பி.க்கு உரிய தனி நியூட்ரல் பட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள்.