செல்கள் செய்தியை வாங்கி உள்ளே கடத்தும் விதத்தை ஆராயும் செல் சிக்னலிங் ஆராய்ச்சியிலிருந்து மருந்து எதுவும் வராவிட்டால் அந்த வேலைக்கு என்ன மதிப்பு?

நீங்கள் பிஎச்.டி. சேரலாமா என்று யோசிப்பவர் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் சேர்ந்துவிட்டு, "மருந்து எப்போ கண்டுபிடிப்பே?" என்று சொந்தக்காரர்களிடம் மாட்டிக்கொண்டவர். இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் நான். பதில் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். 1950களின் நடுவில் எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் முயல் தசையில் இருந்த ஒரு நொதியை ஆராய்ந்தார்கள். பாஸ்பேட் ஒட்டினால் அது முடுக்கம் பெறுகிறது, கழற்றினால் ஓய்கிறது என்று கண்டார்கள். அன்று அதில் புற்றுநோய் என்ற பேச்சே இல்லை. 2001இல் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற இமாடினிப் என்ற மருந்து, ஒரு கைனேஸைத்தான், அதாவது பாஸ்பேட்டை ஒட்டும் ஒரு நொதியைத்தான் தடுக்கிறது. நடுவில் போன வருடங்களை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

என் வேலை அவ்வளவு பெரியதில்லை. பிசி12 என்று ஒரு செல் வகை, எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து எடுத்தது. ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் பெருகும். என்ஜிஎஃப் என்ற இன்னொரு காரணியைக் கொடுத்தால் பெருகுவதை விட்டுவிட்டு, நரம்பு செல் மாதிரி நீளநீளமாக இழைகளை நீட்டும். இரண்டுமே உள்ளே முடுக்குவது ஈஆர்கே என்ற ஒரே கைனேஸைத்தான். ஈஜிஎஃப்பில் அது சீக்கிரமே அடங்கிவிடுகிறது; என்ஜிஎஃப்பில் மணிக்கணக்கில் நீடிக்கிறது. எவ்வளவு நேரம் என்பதே இங்கே செய்தி. அடக்குவது யார் என்பதுதான் என் தலைப்பு.

ஆய்வுக் கூட்டத்தில், பாஸ்பேட் ஒட்டிய ஈஆர்கேயைக் கோடாக, அதாவது பேண்டாகக் காட்டும் பிளாட் படத்தைப் போட்டேன். ஒரு மூத்த பேராசிரியர், "பேண்ட் மறைந்துபோனதை ரிசல்ட் என்று காட்டுகிறாயே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கீழே மொத்த ஈஆர்கேயின் பிளாட்டும் இருந்தது. புரதம் அப்படியே இருக்கிறது, பாஸ்பேட் மட்டும்தான் போயிருக்கிறது. அடுத்த ஸ்லைடில், பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளை வனடேட் போட்டுத் தடுத்த செல்கள். அதில் பேண்ட் மறையவே இல்லை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"கட்டி செல்லில் நடப்பது உடம்பில் நடக்குமா?" என்று ஒருவர் கிளம்புவார், தெரியும். செல்லுக்குச் செல் மாறும்தான். ஈஆர்கே ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் செய்தி வரும் வழியில் அதற்கு மேலே இருக்கும் ராஸ் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே அது தானாக அடங்கும் திறனை இழந்துவிடும். கணையப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இப்படிப்பட்ட மாற்றம்தான். அடங்குவதைப் பற்றித் தெரியாமல் இதை எப்படிப் புரிந்துகொள்வது?

உண்மையில் இந்தத் துறையில் மனதை வெறுக்க வைப்பது, பிளாட்டில் தேடும் புரதத்தைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடிதான். அதே கேட்டலாக் எண், அதே விலை. புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்ததும் பேண்ட் வேறெங்கோ தெரியும். கம்பெனிக்கு எழுதினால், "உங்கள் பஃபர் கரைசலைச் சரிபாருங்கள்" என்று பதில். பழைய லாட்டில் மிச்சமிருந்ததையும் புதியதையும் ஒரே சாம்பிளில் ஓட்டிப் படம் அனுப்பினேன். மன்னிப்புக் கடிதத்தோடு இன்னொரு குழாய் இலவசமாக வந்தது. அதுவும் அதே லாட்.