இன்குபேட்டருக்குள் குழந்தை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 30 வாரத்திலேயே மகள் பிறந்துவிட்டாள். எடை 1,300 கிராம். குழாய் வழியாகத்தான் பால் போகிறது. இரண்டு நாளாகப் பீய்ச்சிப் பார்க்கிறேன், அரை மி.லி. கூடத் தேறவில்லை. இதை நர்ஸ் கையில் கொடுக்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்படாமல் கொடுங்கள். இரண்டாம் நாளில் சீம்பால் சொட்டுக் கணக்கில்தான் வரும். வயிற்றுக்குப் பால் போகத் தொடங்காத குழந்தைக்குக்கூட, இரண்டு மூன்று சொட்டுகளைக் கன்னத்தின் உட்புறம் தடவிவிடுவது உண்டு. உங்கள் மகளுக்கு இப்போதே சப்பத் தெரியலாம். ஆனால் உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடுகிற ஒத்திசைவு, கர்ப்பக் கணக்கில் 32-34 வாரத்தை ஒட்டித்தான் கைகூடும். அதுவரை குழாய்தான் பத்திரம்.

பால் பெருக, ஒரு தடவையில் எவ்வளவு வந்தது என்பதைவிட எத்தனை தடவை எடுத்தீர்கள் என்பதே முக்கியம். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 தடவை எடுக்க வேண்டும். அதில் ஒன்றாவது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் இருக்கட்டும். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் அந்த நேரத்தில்தான் கூடுதலாக இருக்கும். ‘மார்பு கனக்கட்டும், பிறகு எடுக்கலாம்’ என்று காத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. தேங்கி நிற்கும் பால், ‘இவ்வளவு போதும்’ என்று உடம்புக்குச் சொல்லிவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் பம்ப்பைவிடக் கையே மேல். கெட்டியான சீம்பால் பம்ப்பின் குழாயிலும் புனலிலும் ஒட்டிக்கொண்டு வீணாகும். காம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி, மேலே கட்டைவிரல், கீழே மற்ற விரல்கள். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்துங்கள், பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோல்மேல் விரலை வழுக்கி இழுத்தால் வலிதான் மிஞ்சும். காம்பை மட்டும் பிதுக்கினாலும் பால் வராது. சொட்டுகளை ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் பிடியுங்கள். குழந்தையின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் ஒட்டுங்கள். அறை வெப்பநிலையில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் எத்தனை நாள் என்பதற்கு அந்த வார்டின் விதிதான் விதி. ஃப்ரிட்ஜின் கதவில் மட்டும் வேண்டாம். திறந்து மூடும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும்.

கேள்வி: மானிட்டர் அடிக்கடி அலறுகிறது. ஆக்ஸிஜன் 92 என்று காட்டினால்கூட யாரும் ஓடி வருவதில்லை. எங்களுக்கு நெஞ்சு அடைக்கிறது.

பதில்: உங்களுக்கு 97, 98 சரி. ஆக்ஸிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்குப் பொதுவாக 90-95 என்ற அளவில் வேண்டுமென்றேதான் நிறுத்துகிறார்கள். கூடுதல் ஆக்ஸிஜன் கண்ணின் விழித்திரையைப் பாதிக்கும். விழித்திரைப் பரிசோதனையை அந்த வார்டு சொல்லும் தேதியில் தவறாமல் செய்துவிடுங்கள், அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாலும்.

அலாரம் அடித்தால் திரையைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள். உதடும் நாக்கும் சிவப்பாக, நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், பாதத்தில் கட்டிய சென்சார் நழுவியிருக்கவே வாய்ப்பு அதிகம். நீலம் பாரித்தாலோ நெஞ்சு அசையாவிட்டாலோ அந்த நொடியே குரல் கொடுங்கள். மூச்சு 20 விநாடிக்கு மேல் நின்றுபோவது குறைமாதக் குழந்தைகளிடம் காணப்படுவதுதான். மூளையின் மூச்சுக் கட்டுப்பாடு இன்னும் முதிரவில்லை. கஃபீன் மருந்து கொடுப்பது அதற்காகவே. அலாரத்தை நீங்களே அணைக்காதீர்கள்.

கேள்வி: ஆசையாகத் தடவிக் கொடுத்தால் குழந்தை உதறுகிறது. என்னைப் பிடிக்கவில்லையோ?

பதில்: பிடிக்காமல் இல்லை, மெல்லிய வருடலை அந்த நரம்புகளால் இன்னும் தாங்க முடியவில்லை. வருடாமல், அசையாமல் பிடியுங்கள்: ஒரு உள்ளங்கை தலையைக் கவிந்திருக்கட்டும், மற்றது மடங்கிய கால்களை அணைத்திருக்கட்டும். கை கதகதப்பாக இருக்க வேண்டும். விரல்களை விரிப்பது, விக்கல், கொட்டாவி, முதுகை வளைப்பது எல்லாம் ‘போதும்’ என்பதற்கான அடையாளம். கையை வெடுக்கென்று எடுக்காமல் ஒவ்வொன்றாக, மெதுவாக விலக்குங்கள்.

இதைவிட நல்லது கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையைத் தோலோடு தோல் ஒட்ட நெஞ்சில் வைத்திருப்பது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த வழி அது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை என்கிறது. டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட குழந்தையை உங்கள் வெற்று நெஞ்சின்மேல் நிமிர்த்தி, தவளைபோல் கால் மடித்து, முகத்தை ஒருபக்கம் திருப்பி வைப்பார்கள். தாடை நெஞ்சில் புதைந்தால் மூச்சுக்குழல் மடங்கும், அதை மட்டும் கண்கொட்டாமல் கவனியுங்கள். உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாவது எழாதீர்கள். எடுத்து வைக்கும் அலைச்சலே குழந்தைக்குச் சோர்வு. அப்பாவின் நெஞ்சும் பயன்படும். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையென்றால் மருத்துவர் சொன்ன பிறகு மட்டும்.

கேள்வி: பேரன் பிறந்தபோது 1,500 கிராம், ஐந்தாம் நாள் 1,380. பால் போதவில்லையா? எப்போது வீட்டுக்கு விடுவார்கள்?

பதில்: 120 கிராம் என்பது பிறந்த எடையில் 8 சதவீதம். உடம்பில் கூடுதலாக இருந்த நீர் வெளியேறுவதால் முதல் வாரத்தில் இந்தக் குறைவு எதிர்பார்க்கக்கூடியதே. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டு, பிறகு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 கிராம் என்ற கணக்கை ஒட்டி ஏறினால் நல்லது. தினமும் அல்ல, வாரக் கணக்கில் பாருங்கள்.

டிஸ்சார்ஜுக்கு எடை மட்டும் போதாது. இன்குபேட்டருக்கு வெளியே உடல்சூடு நிலைக்க வேண்டும், குழாய் இல்லாமல் வாயால் முழுப்பாலும் குடிக்க வேண்டும், சில நாள் தொடர்ந்து மூச்சு நிற்காமல் இருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் ‘இன்னும் தலை நிற்கவில்லையா?’ என்று கேட்டால், எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தவனுக்கு வளர்ச்சியில் எட்டு வாரத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் இல்லை, பெரும்பாலும் பிறந்த தேதிக் கணக்குதான்.