சுவர் ஈரம் எங்கிருந்து வருகிறது? டெல்டா வீடுகளுக்கு ஒரு கேள்வி பதில்

மன்னார்குடி: சார், கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடி வரை பெயிண்ட் உரிந்துகொண்டே இருக்கிறது. பட்டி பார்த்து அடித்தாலும் அடுத்த மழைக்கு அதே கதை. எந்த பெயிண்ட் நிற்கும்?

எந்த பெயிண்டும் நிற்காது. முதலில் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள், பிறகுதான் பெயிண்ட் கடை. தரையிலிருந்து தொடங்கி மூன்று அடிக்குள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஈரம் நின்று, அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். செங்கல்லும் கலவையும் நீரை மேலே உறிஞ்சும். நீர் ஆவியாகிப் போக, அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிப் பூச்சை வெளியே தள்ளும். நீங்கள் பார்க்கும் உரிதல் அதுதான்.

வெளியே போய்த் தெருவின் மட்டத்தைப் பாருங்கள். நம் ஊர்களில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்கிறது, வீடு பள்ளத்தில் தங்கிவிடுகிறது. கடைக்காலுக்கு மேல் போட்ட ஓதத்தடுப்புப் பட்டையை மண்ணோ சிமெண்ட் திண்ணையோ மூடியிருந்தால், ஈரம் அதைத் தாண்டிச் சுவருக்குள் போகும். வெளி மண் அந்தப் பட்டைக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். மண்ணை வெட்டி இறக்கி, சுவரை ஒட்டித் தண்ணீர் நிற்காதபடி வாட்டம் கொடுங்கள். பல வீடுகளில் இதுவே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும்.

பட்டையே இல்லாத பழைய வீடு என்றால் மருந்து ஏற்றலாம். தரைக்கு அரை அடி மேலே, செங்கல்லில் அல்ல, கலவை வரியில், 12 மி.மீ. துளைகளை 12 செ.மீ.க்கு மிகாத இடைவெளியில் போட்டு, நீரை விலக்கும் சிலேன் கிரீம் என்ற மருந்தை நிரப்புவார்கள். துளைத் தூள் உள்ளே கிடந்தால் மருந்து பரவாது. ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதன்பின் உப்பு ஏறிய பூச்சை, ஈரம் தெரியும் இடத்துக்கு ஒரு அடி மேல் வரை கொத்தி எடுக்க வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் என்றால் மறுபடியும் சுண்ணாம்பிலேயே பூசுங்கள். கெட்டிச் சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அது இன்னும் உயரே ஏறி வெளியே வரும்.

கும்பகோணம்: எந்த மாதத்தில் சோதித்தால் சரியாகத் தெரியும்?

இரண்டு முறை பாருங்கள்: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை. ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மழையில் மட்டும் பரவினால் கூரை அல்லது வெளிச்சுவர் வெடிப்பு. கோடையிலும் குறையவில்லை என்றால் குழாய். மழையே இல்லாமல், மேட்டூர் திறந்து (வழக்கமான நாள் ஜூன் 12) வாய்க்காலில் தண்ணீர் வந்து வயல் நிறைந்த பிறகு கோடு மேலே ஏறினால் நிலத்தடி நீர். டெல்டாவில் இந்த மூன்றாவதை மழைக் கசிவு என்று நினைத்து மொட்டை மாடிக்குப் பூச்சு அடிப்பவர்கள் நிறைய.

திருவாரூர்: நெல் ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் கையில் இருக்கிறது. சுவருக்கு உதவுமா?

உதவாது. அது தானியத்துக்கு அளவீடு செய்த கருவி. சுவருக்கு இரண்டு ஊசி உள்ள மீட்டர் வேண்டும். அதுவும் மரத்துக்கான அளவையே காட்டும்: நிலை, கதவுகளில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மரம் உளுத்துப்போகும் நிலை என்று எடுத்துக்கொள்ளலாம். சுவரில் அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள், உப்பு இருந்தால் காய்ந்த சுவரும் ஈரம் என்று காட்டும். காய்ந்ததாகத் தெரியும் இடத்தில் ஒரு அளவு, சந்தேக இடத்தில் ஒரு அளவு என்று எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால் போதும்.

தஞ்சாவூர்: ஏசி அறையில் பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள். பட்டுப்புடவையில்கூட வாடை. சுவரில் குழாய் எதுவும் இல்லையே அண்ணா?

குழாய் தேவையில்லை. ஏசி குளிர்வித்த சுவர்மேல், அதை நிறுத்தியதும் உள்ளே வரும் புழுக்கக் காற்று படும்போது நீர் கோக்கும். பீரோவுக்குப் பின்னால் காற்று ஓடாததால் அது காயாது. ஒரு அடிக்கு ஒரு அடி அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம்; சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருவது. உங்களுடையது முதலாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பீரோவை நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள், ஏசியை 18-ல் ஓட்டாமல் 26-ல் வையுங்கள். காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள், 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் பூஞ்சணம் வளர்வது கடினம். ஏசியின் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிறதென்றால் அதன் வாட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

பாபநாசம்: தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் (மரக் கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம்) வீடு. உத்திரத்தின் அருகே பழுப்பு வளையம். மேலே தண்ணீர் கட்டி வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

வேண்டாம். ஒரு அங்குலம் தேங்கினாலே ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ பாரம். கான்கிரீட் தளத்துக்கு அந்தச் சோதனை சரி, பழைய மரக் கட்டைகள் தாங்கும் தளத்தில் ஆபத்து. பதிலாக, ஹோஸ் குழாயால் ஒவ்வொரு பகுதியாக அரை மணி நேரம் நனையுங்கள். தாழ்வான பக்கத்தில் தொடங்கி மேட்டுக்குப் போங்கள், கீழே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். மேலே தண்ணீர் இறங்கும் இடமும் கீழே வளையமும் நேர்க்கோட்டில் இருக்காது. கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலை, தண்ணீர் போகும் வாய், அரசங்கன்று முளைத்த வெடிப்பு, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

அதைவிட முக்கியம், உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை. அழுகல் அங்கேதான் தொடங்கும், வெளியே தெரியாது. ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். சுலபமாக இறங்கினால் அந்த அறையைக் காலி செய்து, முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இதில் தாமதம் கூடாது.

சீர்காழி: பாத்ரூமுக்குப் பின்சுவர் வருடம் முழுக்க ஈரம்.

இரவு எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். காலையில் இறங்கியிருந்தால் குழாய் கசிகிறது. இறங்கவில்லை என்றால் பாத்ரூமின் வடிகால் வாயைத் துணிப் பந்தால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். சாயம் கலந்தால் பின்சுவரில் நிறம் தெரியும். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் வெளியே போகும் கழிவுக் குழாயைத் தோண்டிப் பாருங்கள். நம் களிமண் கோடையில் சுருங்கி வெடிக்கும்போது குழாய் இணைப்பு விட்டுப்போவது சகஜம்.

நாகப்பட்டினம்: எங்கும் ஒழுகவில்லை. புழுக்கமான நாளில் மட்டும் சுவர் வியர்க்கிறது.

உப்புத் தண்ணீரிலோ கடற்கரை மணலிலோ பூசியிருப்பார்கள். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அந்தப் பூச்சை எடுத்துவிட்டு, கழுவிய ஆற்று மணலில் நல்ல தண்ணீர் ஊற்றிப் பூச வேண்டும். மேல் பூச்சால் தீராது.

திருவையாறு: குழந்தைக்கு வீசிங். பூஞ்சணத்தை ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் கலந்து கழுவலாமா?

கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. குழந்தையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, என்95 முகமூடி, ரப்பர் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள். காய்ந்தபடி தேய்த்தால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடைத்து, துணியை கவரில் கட்டிப் போடுங்கள். பூஞ்சணம் ஏறிய மெத்தை, தலையணை, அட்டைப்பெட்டி எல்லாம் தூக்கிப் போட வேண்டியவை. பரப்பு பத்து சதுர அடிக்கு மேல் என்றால் வேலை தெரிந்த ஆளை வையுங்கள். மூச்சுத் திணறலுக்கு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மயிலாடுதுறை: கசிவை அடைத்தாச்சு. எப்போது பெயிண்ட் அடிக்கலாம்?

சுவர் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். மழைக்காலம் இடையில் வந்தால் கூடும். அதுவரை வெறும் சுண்ணாம்பு வெள்ளை போதும், அது சுவரைக் காயவிடும். அடிக்கும் முன் அந்த அலுமினியத் தாள் சோதனையை மூன்று இடங்களில் செய்யுங்கள். சுவர்ப்பக்கம் ஒன்றில் நனைந்திருந்தாலும் பொறுத்திருங்கள்.