வேதாகம ஆராய்ச்சி மென்பொருளின் காப்பு நகலை மீட்டமைத்தேன்; வேதாகமப் பதிப்புகள் எல்லாம் வந்துவிட்டன, நான் எழுதிய குறிப்புகள் மட்டும் வெறுமையாக உள்ளன. அவற்றைத் திரும்பப் பெற முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் மீட்டமைக்கும் பொத்தானை இன்னொரு முறை அழுத்தாதீர்கள். காப்பு நகல் கோப்பை முதலில் ஒரு பென்டிரைவில் அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டு, எந்த முயற்சியையும் அந்த இரண்டாம் நகலில் மட்டும் செய்யுங்கள். தானாகக் காப்பு எடுக்கும் மென்பொருளாக இருந்தால், இப்போதுள்ள வெறுமையான கோப்பையே பழைய நல்ல நகலின்மேல் எழுதிவிடக்கூடும்.

வேதாகமப் பதிப்புகள், அகராதிகள், விளக்கவுரைகள் ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் மறுபடியும் தரவிறக்கிக்கொள்ளலாம். நீங்கள் ஒரு வசனத்தோடு சேர்த்து எழுதிய குறிப்புக்கோ உலகில் வேறு பிரதி கிடையாது. ரோமர் நிருபத்துக்குப் பல ஆண்டுகளாக எழுதிய குறிப்புகளை நானும் இப்படித்தான் இழந்துவிட்டதாக எண்ணினேன். கணினியை மாற்றியபோது, மென்பொருள் நிறுவப்பட்டிருந்த புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையை முழுவதுமாக நகலெடுத்திருந்தேன்; ஆனாலும் புதிய கணினியில் குறிப்புக் கோப்பைத் திறந்தபோது அதில் ஒரு வரிகூட இல்லை.

காரணம் பின்னர்தான் விளங்கியது. விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, சாதாரணப் பயனரின் உரிமையோடு இயங்கும் மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் எழுத அனுமதி இல்லை. பழைய பாணியில் உருவாக்கப்பட்ட மென்பொருள் அங்கே எழுத முயலும்போது, விண்டோஸ் எந்த அறிவிப்பும் இன்றி அந்த எழுத்தை விர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறொரு கோப்புறைக்குத் திருப்பிவிடுகிறது. நான் நகலெடுத்தது நிறுவிய நாளில் இருந்த வெற்றுக் கோப்பு. எழுதியவை எல்லாம் மற்ற இடத்தில் சேர்ந்திருந்தன. பழைய வன்தட்டு உங்களிடம் இன்னும் இருந்தால், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துவிட்டு, யூசர்ஸ் கோப்புறையில் உங்கள் பயனர் பெயருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்று வரிசையாகச் சென்று பாருங்கள். டாகுமெண்ட்ஸ் கோப்புறையில் மென்பொருளின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரே பெயரில் பல கோப்புகள் கிடைத்தால், அளவில் பெரியதும் கடைசியாக மாற்றப்பட்ட தேதி பொருந்துவதுமே உங்களுடையதாக இருக்கும்.

லோகோஸ் போல இணையக் கணக்கில் குறிப்புகளைச் சேமிக்கும் மென்பொருள் என்றால், வேறொரு மின்னஞ்சலில் நுழைந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியாக இருந்தால் செயலியை நீக்கவே வேண்டாம், ஏனெனில் செயலிக்கென ஒதுக்கப்பட்ட கோப்புறையும் அதனுடன் சேர்ந்து அழிந்துவிடும்.

கோப்பு கிடைத்தும் மென்பொருள் அதைத் திறக்க மறுத்தால் மனம் தளர வேண்டாம். ஈ-சுவோர்ட், மைசுவோர்ட், மைபைபிள் ஆகிய மூன்று வேதாகம மென்பொருள்களுமே எஸ்கியூலைட் என்ற பொதுவான தரவுத்தள வடிவத்தைப் பயன்படுத்துவதால், டிபி பிரௌசர் என்ற இலவசக் கருவியில் அக்கோப்பின் நகலைத் திறந்து, அட்டவணைகளில் உள்ளதை நேரடியாக வாசிக்கலாம். மென்பொருள் திறந்திருக்கும்போதே நகலெடுத்த கோப்புகள்தான் பெரும்பாலும் இப்படிச் சிக்கல் தருகின்றன. அதே பெயரோடு ஜர்னல் அல்லது டபிள்யூஏஎல் என்று முடியும் துணைக் கோப்பு பக்கத்தில் இருந்தால், அதையும் சேர்த்து ஒரே கோப்புறையில் வையுங்கள், ஏனெனில் டபிள்யூஏஎல் கோப்பில் கடைசியாக எழுதியவை தங்கியிருக்கக்கூடும்; பாதியில் நின்ற மாற்றத்தைச் சரிசெய்யத் தேவையான பழைய தரவு ஜர்னல் கோப்பில் இருக்கும். கோப்பு உண்மையிலேயே சிதைந்திருந்தாலும், எஸ்கியூலைட்டின் கட்டளைவரிக் கருவியில் 2019 முதல் உள்ள ரெகவர் என்ற கட்டளை, வாசிக்க முடிந்த வரிகளை எல்லாம் திரட்டித் தந்துவிடும்.

அப்படித் திறக்கும்போது தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகச் சாய்கோடுகளும் 2949, 2990 போன்ற எண்களும் நிரம்பியிருப்பதைக் கண்டால், குறிப்புகள் கெட்டுவிட்டன என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஆர்டிஎஃப் என்ற ஆவண வடிவம் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துகளை அப்படித்தான் எழுதி வைக்கும். 2949 என்பது அகரம், 2990 என்பது மகரம். அந்த உரையை ஆர்டிஎஃப் கோப்பாகச் சேமித்து வேர்டில் திறந்தால், நீங்கள் எழுதிய தமிழ் மீண்டும் தெரியக்கூடும்.

மீட்ட குறிப்புகளை வேறொரு மென்பொருளுக்கு மாற்றுவதாக இருந்தால், புத்தக எண்களையும் கவனியுங்கள். பல மென்பொருள்கள் ஆதியாகமத்தை 1 என்றும் யோவானை 43 என்றும் எண்ணுகின்றன. மைபைபிளில் ஆதியாகமம் 10, யோவான் 500. எண்களை மாற்றாமல் சேர்த்தால் குறிப்புகள் தவறான புத்தகத்தில் போய் அமரும், அல்லது கண்ணிலேயே படாது. ஆகவே பழைய ஏற்பாட்டில் ஒன்று, சுவிசேஷங்களில் ஒன்று, நிருபங்களில் ஒன்று என மூன்று குறிப்புகளை மட்டும் முதலில் சேர்த்து, அவை உரிய வசனத்தில் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகு மற்றவற்றைச் சேருங்கள்.