கடைசிப் பாதை எத்தனை மணிக்கு?

தம்பி, கொக்கட்டிச்சோலைத் தேருக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். கல்லடியில் தங்கச்சி வீட்டு விறாந்தையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். ரொறன்ரோவுக்கு வந்து மூன்று கிழமை, மனைவியும் நாலு வயது மகளுமாக நகரத்துக்கு வெளியே ஏஜாக்ஸில் மாமா வீட்டில் நிற்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அங்கேயே தெரிந்தவர் ஒருவரின் பேஸ்மென்ற் மலிவாக வருகிறது, ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் ஸ்காபரோவில் பழைய மாடிக் கட்டடத்தில் வாடகை கூட, எதை எடுப்பது, கார் இல்லாமல் சீவிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மனைவிக்கு ஸ்காபரோவில் முதியோர் இல்லக் குசினியில் வேலை சரிவரும் போல இருக்கிறது என்றும் சொல்லியிருந்தீர்கள்.

ஸ்காபரோவை எடுங்கள், வாடகை கூட இருந்தாலும்.

நீங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பிள்ளை. நானும் அரசடித்தீவுதான். வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபோது நீங்கள் இளம் பெடியனாக இருந்திருப்பீர்கள். அதற்கு முன் மண்முனைத்துறையில் பாதைக்கு, அதுதான் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைக்கு, காத்து நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். நெல்லும் பாலும் படுவான்கரையில். அரசாங்கக் கச்சேரி, பெரியாஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடங்கள் எல்லாம் கிழக்கே எழுவான்கரையில். என் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் என் நோயைப் பற்றிக் கதைக்கவே மாட்டா. கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்றுதான் ஆட்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பா. அது போய்விட்டால் இரவு யார் வீட்டுத் திண்ணையிலாவது படுக்க வேண்டும். ரொறன்ரோவில் வீடு தேடும்போது நீங்களும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும். அங்கேயும் இரண்டு கரை இருக்கிறது.

நான் 1996இல் போனேன். அந்த நேரம் எங்கள் சனம் நிறையப் பேர் டவுன்டவுனுக்குப் பக்கத்தில் சென்ற் ஜேம்ஸ் டவுன் மாடிக் கட்டடங்களில் இருந்தார்கள். இரண்டு குடும்பம் ஒரு வீட்டில். நெருக்கம்தான், ஆனால் ஷேர்போர்ன் சப்வேக்கு நடந்து போகலாம். இரவு பதினொரு மணிக்குக் கந்தோர் துப்புரவு வேலை முடிந்தால் பதினொன்றரைக்கு வீட்டில் நிற்பேன். அங்கே வாடகை ஏற ஏற எல்லாரும் கிழக்கே ஸ்காபரோவுக்கு நகர்ந்தார்கள். 1999இல் நாங்களும் போனோம். வேலை டவுன்டவுனிலேயே இருந்தது. பஸ், அதன்பிறகு கெனடி ஸ்டேஷன், அங்கிருந்து சப்வே. ஒரு வழிக்கு ஒன்றரை மணித்தியாலம். ஐந்து வருடம் என் மகனைக் கிழமை நாட்களில் நித்திரையில் மட்டும்தான் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சை அடைக்கிறது.

அதை என் தலைவிதி என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன். மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிற காலத்தில் ஒரு வரைபடம் கொண்டுவந்து காட்டினான். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹல்சான்ஸ்கி 1970 முதல் 2005 வரை ஊர்ப்பகுதிகளின் வருமானம் எப்படி மாறியது என்று பார்த்து, ஒரு நகரத்துக்குள் மூன்று நகரங்கள் இருக்கின்றன என்று எழுதியது. நடுத்தர வருமானப் பகுதிகள் 1970இல் 66 சதவீதம், 2005இல் 29 சதவீதம். வசதி கூடிய பகுதிகள் பெரும்பாலும் சப்வேயை ஒட்டியும், வருமானம் இறங்கிய பகுதிகள் வடகிழக்கு, வடமேற்கு ஓரங்களிலும் கிடந்தன. அந்த ஓரங்களில்தான் நாங்கள், பிலிப்பைன்ஸ் சனம், ஆப்கான் சனம், வங்காளதேசத்து சனம் எல்லாம் போய் நிறைந்தோம். பஸ்ஸை அதிகம் நம்பி இருக்கிற சனத்துக்கு ரயில் தூரத்தில். படுவான்கரையில் பிறந்த எனக்கு அந்த வரைபடத்தை ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்காபரோவுக்கென்று 1985இல் இருந்து ஒரு சின்ன ரயில் ஓடியது. 2023 யூலை 24 மாலை அதன் கடைசிப் பெட்டி தடம் புரண்டது. ஐந்து பேருக்குக் காயம். அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை, பதிலுக்கு பஸ் விட்டார்கள். கெனடியில் இருந்து 7.8 கிலோமீற்றருக்கு, மூன்று ஸ்டேஷனோடு புதிய சப்வே தோண்டுகிறார்கள். அது வரட்டும், ஆனால் அதை நம்பி இன்றைக்கு வீடு எடுக்க வேண்டாம். இன்றைக்கு ஓடுகிற பஸ்ஸைப் பார்த்து எடுங்கள்.

மனைவியின் வேலைக்கு வருவோம். முதியோர் இல்லம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணி ஷிப்ட் இருக்கும். ஞாயிறு காலை சப்வே தொடங்கவே எட்டு மணியாகும். அந்த நேரத்தில் கைகொடுப்பது முன்னூறில் தொடங்கும் எண்ணுள்ள இரவு பஸ்கள். லோரன்ஸ், ஃபின்ச் மாதிரிப் பெரிய றோட்டுகளில் அவை ஓடும். அப்படி ஒரு றோட்டுக்கு ஐந்து நிமிட நடையில் வீடு இருந்தால் உங்கள் மனைவி தனியாகப் போய்வரலாம். ஏஜாக்ஸ் பேஸ்மென்றில் இருந்து பெப்ரவரி மாதத்து விடியற்புறம் எப்படிப் போவா? அப்போது கார் வாங்க வேண்டிவரும். புதிதாக வந்தவருக்குக் கார் இன்சூரன்ஸ் மிகவும் கூட. வாடகையில் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு ரொறன்ரோவின் வடக்கு எல்லையான ஸ்ரீல்ஸ் றோட்டைத் தாண்டி மார்க்கம் நகரப் பக்கம் போனால் இரண்டாவது கட்டணம். அந்த ஒரு றோட்டுக்காக எத்தனை பேர் வேலையை விட்டார்கள் தெரியுமா? 2024 பெப்ரவரி 26 முதல் ஏஜாக்ஸின் டூரம் பஸ்ஸில் இருந்து ரொறன்ரோவின் பஸ், சப்வே ஓட்டுகிற ரி.ரி.சி.க்கு மாறினாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பக் காசு இல்லை. 12 வயது வரை பிள்ளைகளுக்கு ரி.ரி.சி. இலவசம். வருமானம் குறைந்தவர்களுக்கு மாநகரசபை தரும் ஃபெயர் பாஸ் என்ற கழிவும் உண்டு, ஆனால் அது ரொறன்ரோவுக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான்.

இனி அந்த பேஸ்மென்ற். குசினியோ குளியலறையோ வீட்டுக்காரரோடு பங்கு என்றால் தயவுசெய்து எடுக்க வேண்டாம். ஒன்ராறியோவின் வாடகைச் சட்டம் அப்படி இருப்பவர்களைக் காக்காது. 1999இல் நாங்கள் முதலில் எடுத்தது அப்படி ஒரு இடம். எங்கள் ஊர்ப்பக்கத்துச் சனம்தான், நம்பினோம். பெப்ரவரி மாதம், இரண்டு கிழமையில் வீட்டை விட்டு எழும்புங்கள் என்றார்கள். சட்டத்திடம் போனபோதுதான் எங்களுக்கு அங்கே இடமில்லை என்று தெரிந்தது. பிள்ளையையும் இரண்டு பெட்டியையும் கொண்டு ஸ்னோவுக்குள் நின்றோம்.

குசினியும் குளியலறையும் தனியாக உள்ள வீடென்றால் வேறு கதை. கடைசி மாத வாடகையை மட்டும்தான் முற்பணமாகக் கேட்கலாம், சேதத்துக்கென்று வைப்புக் கேட்க முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மாதம் மாதமாகத் தொடரும், எழும்பத் தேவையில்லை. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதல் ஆள் குடியேறிய வீடுகளுக்கு வாடகை உயர்வுக் கட்டுப்பாடு கிடையாது. நீங்கள் பார்த்த கட்டடம் பழையது, வருடம் ஒரு தடவை, பொதுவாக அரசாங்கம் சொல்லும் அளவுக்குத்தான் ஏற்றலாம். 2025இல் அந்த அளவு 2.5 சதவீதமாக இருந்தது. கரப்பான் பூச்சி இருக்கும், லிஃப்ட் அடிக்கடி நிற்கும், அதையும் சொல்ல வேண்டும்தானே. ஆனாலும் கட்டடத்துக்குக் கீழே பஸ் நிற்கும், பக்கத்துக் கதவில் மகளுக்குச் சினேகிதப் பிள்ளைகள் கிடைப்பார்கள்.

இன்னொன்று உங்கள் மனதை அரிக்கும், எனக்குத் தெரியும். எங்கள் மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குப் போவார். உங்கள் மனைவி சீதன வீட்டைப் பூட்டித் திறப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருப்பா. வாடகை வீடு அவவுக்குக் கூச்சமாக இருக்கும். சனமும் ‘எப்ப வீடு வாங்கப் போறீங்கள்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்து தூரத்தில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். என் அண்ணா மார்க்கத்தில் வாங்கினார். நாலு அறை வீடு, நல்ல வளவு. அம்மாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். பகலில் எல்லாரும் வேலைக்குப் போக, கார் ஓடத் தெரியாத அம்மா யன்னலுக்குள்ளால் வெறும் றோட்டைப் பார்த்தபடி இருப்பா. ஸ்காபரோவில் என் பில்டிங்குக்கு வந்தால் கீழே வாங்கில் மூன்று கிழவிகளோடு கதைத்துவிட்டு, தானே பஸ் ஏறிக் கோயிலுக்குப் போய்வருவா. உங்கள் அம்மாவையும் ஒருநாள் கூப்பிடுவீர்கள். வீடு பார்க்கும்போது அவவையும் மனதில் வையுங்கள்.

முற்பணம் கொடுக்க முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்கு அந்தக் கட்டட வாசலில் இருந்து மனைவியின் வேலைத்தளம் வரை ஒருதரம் போய்ப் பாருங்கள். நான் வருகிற பதினாலாம் திகதி திரும்பி வருகிறேன். அதுவரை பொறுக்க முடியுமென்றால் நானும் கூட வருகிறேன். நாளைக்குக் கொக்கட்டிச்சோலைக்குப் போவேன், உங்கள் அம்மாவிடம் ஏதாவது வாங்கிவர வேண்டுமென்றால் இன்றிரவே சொல்லுங்கள்.